இரண்டு சர்வரும் ஒரு மோட்டாரும்

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோயிலில் யாராவது கேட்டால், "கிலாங்குல கம்பியூட்டர பாத்துக்குறா" என்பார். கிலாங் என்றால் மலாயில் தொழிற்சாலை. கேட்டவர்கள் அதை ஏதோ காவல் வேலை என்று எடுத்துக்கொள்வார்கள். அதில் பெரிய தவறும் இல்லை.

மலேசியாவில், மலாக்காவின் பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. ரேடியோவுக்கும் டெலிபோனுக்கும் மேல்கூடு வார்த்து அனுப்புவார்கள். அங்கே நான் சிஸ்டம் அட்மின். ஆபீஸ்காரர்களின் கணினிகளுக்குப் பின்னால், குளிரூட்டிய ஒரு சின்ன அறையில் இரண்டு சர்வர்கள் இருந்தன. அவை நிற்காமல் ஓட வேண்டும். மின்னஞ்சல் போக வேண்டும், வைத்த கோப்பு வைத்த இடத்தில் இருக்க வேண்டும், பிரிண்டர் அச்சடிக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அங்கே நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஏதாவது நின்றால் என் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கும்.

நாடு விடுதலை பெற்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் கம்பெனி மட்டும் எந்த மென்பொருளையும் விலைக்கு வாங்குவதில்லை என்ற கொள்கையில் உறுதியாக இருந்தது. அதனால் இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஃப்ரீபிஎஸ்டியில் வந்து நின்றேன். காரணம் அதன் கையேடு. கையேட்டில் எழுதியிருந்ததும் இயந்திரம் செய்ததும் ஒன்றாகவே இருந்தன. முதல் தடவை அப்படி நடந்தபோது நான் நம்பவில்லை. இன்னொரு பக்கத்தைப் புரட்டி அதையும் செய்து பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது. அன்றோடு வேறு எதையும் தேடுவதை விட்டுவிட்டேன். சிலர் இதே நிம்மதியோடு மாப்பிள்ளை தேடுவதை நிறுத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

வேறு காரணங்களும் உண்டு. அதனுடன் வந்தவை ஓரிடத்தில் இருக்கும், நான் பிறகு சேர்த்தவை வேறோரிடத்தில் இருக்கும். இயந்திரம் எழும்போது எதையெல்லாம் தொடங்க வேண்டும் என்பதை ஒரே ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். சிஸ்டம் அட்மின் வேலையில் பாதி நேரம் தேடுவதில்தான் போகிறது. எனக்குத் தேடப் பிடிக்காது.

இரண்டு ஆண்டுகள் நானும் என் இரண்டு சர்வர்களும் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தோம். பிறகு மேனேஜர் இன்னொருவரை வேலைக்கு எடுத்தார்.

மேனேஜர் மூவாரிலிருந்து வந்த சீனர். அவருக்கு அச்சு வார்ப்பு தெரியும். கணினியைப் பற்றி, அது மின்சாரத்தில் ஓடும் என்பது தெரியும். நான் காய்ச்சல் என்று மூன்று நாள் வராமல் இருந்தபோது பயந்துபோய், "உனக்கு ஒரு துணை வேணும்" என்றார். துணை மறுவாரமே வந்து சேர்ந்தது. என்னைவிட ஓரிரு வயது மூத்தவர், ஒல்லி, நெற்றியில் என் அப்பா பூசுவதைவிடப் பெரிய விபூதிப் பட்டை. பார்த்தவுடன் நிம்மதியாக, "வாங்க, பசியாறியாச்சா?" என்றேன். அவர் மலாயில் மன்னிப்புக் கேட்டார். தமிழ் பேச வராதாம்.

அவர் கம்போங் சிட்டிக்காரர். சிட்டிகள் எங்களுக்குப் பல தலைமுறை முன்பே மலாக்காவுக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, சாமியை வைத்துக்கொண்டு மொழியை விட்டவர்கள். வீட்டில் ஒரு தனி மலாய் பேசுவார்கள். அவர் வீடு காஜா பெராங்கில், நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பிலிருந்து நடக்கும் தூரம்தான். இத்தனை வருடம் ஒரே சாலையில் போய் வந்திருக்கிறோம், பார்த்ததாக இருவருக்கும் நினைவில்லை.

எங்கள் பேச்சு எல்லாம் மலாயில்தான் நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் இவ்வளவு நல்ல தமிழ் இன்றும் பேச மாட்டார்.

முதல் நாள் சர்வர் அறையைச் சுற்றிப் பார்த்தார். விசைப்பலகையில் எதையோ தட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் லினக்ஸ் போடல?"

"ஏன் போடணும்?"

"எல்லாரும் அதான் போடுறாங்க."

"எல்லாரும் எங்கிட்ட வேலை செய்யல."

இதுதான் எங்கள் முதல் உரையாடல். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் இதன் விரிவுரை.

அவர் கட்சி எளிமையானது. லினக்ஸில் ஒரு புதிய நிரல் வேண்டுமென்றால் ஒரு வரி தட்டினால் போதும், கோப்பி ஆறுவதற்குள் வந்து உட்கார்ந்துவிடும். என்னுடையதில் நான் எதையும் மூலத்திலிருந்து கட்டி எடுப்பதையே விரும்பினேன். காலையில் தொடங்கினால், சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போதும் திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

"அவ்ளோ நேரம் நீங்க என்ன செய்வீங்க?" என்றார்.

"கையேடு படிப்பேன்."

"படிச்சு?"

"அப்புறம் உங்களமாதிரி யார்கிட்டயும் போய்க் கேக்க வேண்டியிருக்காது."

சண்டை மேனேஜர் வரை போனது. அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். "ரெண்டும் சும்மா கிடைக்கிறதா?" என்றார். ஆமாம் என்றோம். "அப்ப ஆளுக்கு ஒண்ணு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வார்ப்பு இயந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டார். மின்னஞ்சலும் கோப்புகளும் இருந்த சர்வர் எனக்கு. அச்சுப் பணிகளைக் கவனிக்கும் மற்றது அவருக்கு. அவர் அன்றைக்கே அதை அழித்து லினக்ஸ் போட்டார். நான் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அறை சின்னது, வேறு எப்படியும் உட்கார முடியாது.

மாலையில் தொழிற்பேட்டையிலிருந்து பஸ் கிடைப்பது பெரும் பாடு. அவரிடம் மோட்டார் இருந்தது. ஒரே பக்கம் போகிறவர்கள் என்பதால் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார். ஹெல்மெட் கூட ஒன்று கொண்டுவந்திருந்தார். அலுவலகத்தில் முடியாத விவாதத்தை வழியில் தொடர்ந்தோம். காற்றில் கேட்க வேண்டுமே என்று இருவரும் கத்துவோம். எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் நின்ற பிறகும் விவாதம் நிற்காது.

பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அதிகம் பேசாதவர். ஒரு நாள் சாப்பாட்டின்போது கேட்டார்:

"மோட்டர்ல கொண்டாந்து விடுறானே, யாரு அது?"

"வேலை எடத்துல கூட இருக்கிறவரு."

"நம்ம ஆளா?"

"சிட்டி."

"அவங்க தமிழ் பேச மாட்டாங்களே. என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?"

"கம்பியூட்டர் பத்திப்பா."

"சண்டை மாதிரில்ல இருக்கு?"

"சண்டைதான்."

அப்பா ஆறுதலடைந்தவர்போல ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஒரு வருடம் இப்படிப் போயிற்று. சொந்தக்காரர் சாவு என்று அவர் விடுப்பில் போன நாளில் அச்சு நின்றது. அவருடைய சர்வரை நான் தொட மாட்டேன் என்று நின்றேன். முன்பு ஒரு தடவை நான் இல்லாத நாளில் என் மின்னஞ்சல் நின்றபோது அவரும் அப்படித்தான் செய்திருந்தார். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இனி ஒரே இயங்குதளம்தான் என்றார். எது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆகஸ்ட் மாதம் முழுவதும் அவர் என் சர்வரைப் பார்க்க வேண்டும், நான் அவருடையதை. மாதக் கடைசியில் வரும் மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறை முடிந்து வந்ததும் ஆளுக்கு ஓர் அறிக்கை தர வேண்டும்.

முதல் வாரம் என் வாழ்க்கையில் மோசமான வாரங்களில் ஒன்று. பழகிய கட்டளையையே தட்டுவேன், அது வேறு மாதிரி பதில் சொல்லும். ஓர் அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். அதைச் சொல்லும் ஆவணம் எங்கே என்று அதற்கு முன் தேட வேண்டும். ஆனால் ஒரு நாள், பழுதான ஒரு நிரலை மாற்ற ஒரு வரி தட்டிவிட்டு வழக்கம்போல எழுந்து கோப்பி வாங்கப் போகத் திரும்பினேன். முடிந்துவிட்டிருந்தது. நான் மறுபடியும் உட்கார்ந்தேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

அவர் என் கையேட்டை அச்சடித்து, கயிறு கட்டிக் கொண்டுவந்தார். சாப்பாட்டு நேரத்தில் படிப்பார். சமிக்ஞை விளக்கில் மோட்டார் நிற்கும்போதுகூட, "அந்த எட்டாவது அத்தியாயத்துல ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். என் இயந்திரத்தைக் குறை சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டுக் குறை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மாதம் முடியும் தறுவாயில், ஒரு பிற்பகல், இடி இறங்கியது. மலாக்காவில் அந்த நேரத்து மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. தொழிற்சாலை முழுக்க மின்சாரம் போய்விட்டது. சர்வர்களைத் தாங்க வேண்டிய பேட்டரி பீப் பீப் என்று இரண்டு தடவை கத்திவிட்டு அதுவும் போயிற்று. மின்சாரம் திரும்பியபோது இரண்டு சர்வர்களும் பாதியில் எழுந்து நின்றன. சரக்கு ஏற்றிய லாரிகள் டெலிவரி ஆர்டருக்காகக் காத்திருந்தன. கோப்புகள் ஒரு சர்வரில், அச்சு மற்றதில். இரண்டும் எழாமல் ஒரு லாரியும் நகராது. டிரைவர்கள் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் எங்கள் கதவில் வந்து நின்றார். நின்றால் வேகமாக நடக்கும் என்பது அவர் நம்பிக்கை.

என் சர்வரின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் வெட்கப்படாமல் முதலில் கேட்டார்: "ஷெல்லோட முழுப் பாதையக் கேக்குது. என்ன குடுக்கணும்?"

"ஒண்ணும் குடுக்காதீங்க. ரிட்டர்ன் மட்டும் தட்டுங்க. அப்புறம் டிஸ்க்க சோதிக்கச் சொல்லுங்க."

தட்டினார். சொன்னார். என் சர்வர் சரியாக எழுந்தது.

அவர் சர்வரிலும் நான் டிஸ்க்கைச் சோதித்து முடித்துவிட்டேன். எழுந்துவிட்டது. ஆனால் அச்சு மட்டும் தொடங்கவில்லை. தொடங்கச் சொன்னால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. ஓடவில்லை. எனக்குக் கேட்க மனம் வரவில்லை. கையேட்டுக்காரி கேட்பதா? விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்தபடி சும்மா இருந்தேன்.

அவர் தன் திரையைப் பார்த்தபடியே, திரும்பாமல், மேனேஜருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஸ்பூல் டைரக்டரிக்குள்ள பழைய லாக் ஃபைல் ஒண்ணு கெடக்கும். அத எடுத்துடுங்க."

எடுத்தேன். மின்சாரம் போகுமுன் 'ஓடுகிறேன்' என்று அச்சு நிரல் போட்டு வைத்த பூட்டு அது. வெளியே பிரிண்டர் உறுமத் தொடங்கியது. லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மேனேஜர் தான் நின்றது வீண்போகவில்லை என்ற திருப்தியோடு போனார். நான் திணறுவதை, என் விசைப்பலகைச் சத்தம் நின்றதை வைத்தே, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர் கண்டுபிடித்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நாங்கள் எதைப் பற்றியும் விவாதிக்கவில்லை. மழைதான் காரணம் என்று வைத்துக்கொண்டோம்.

மெர்டேக்கா முடிந்து இருவரும் அறிக்கை கொடுத்தோம். நான் ஃப்ரீபிஎஸ்டி என்று எழுதினேன். அவர் லினக்ஸ் என்று எழுதினார். ஒரு மாதத்தில் ஒருவர் மனமும் மாறவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளே போனதும் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துகள்" என்றார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சரி, பிரச்சனை தீர்ந்துச்சு. ரெண்டு மெஷினும் அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் ரெண்டும் இப்பத் தெரியும். ஒருத்தர் லீவு எடுத்தா மத்தவர் பாத்துக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணா லீவு எடுக்கக்கூடாது. கல்யாணத்துக்கு மட்டும் பரவாயில்ல."

"யார் கல்யாணத்துக்கு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வார்ப்பு இயந்திரத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்றார்.

சாயங்காலம் மோட்டார் நிறுத்தும் கொட்டகையில் அவரைப் பிடித்தேன்.

"எனக்குக் கல்யாணமாம். மேனேஜர் சொல்றாரு."

"ஆமா. நான்தான் அவருகிட்ட சொன்னேன்."

"எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"போற வழியில."

பிறகு நடந்ததைச் சொன்னார். மேனேஜர் அறிக்கைகளைத் திறக்கவே இல்லையாம். லினக்ஸே இருக்கட்டும் என்றிருக்கிறார். ஏனென்றால் லினக்ஸ்காரர் ஆண், வேலையில் இருப்பார். நான் கல்யாணமானால் போய்விடுவேன்.

"நான் நல்லா வேலை செய்றேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். ஆமா ஆமான்னு தலையாட்டுனாரு. அப்புறம், 'ஆனா போயிருவா'ன்னாரு. அவ எங்கயும் போகமாட்டா, காஜா பெராங்லதான் இருப்பான்னேன். ஒனக்கு எப்படித் தெரியும்னு கேட்டாரு. அப்பதான், நான் கட்டிக்கப் போறேன்னு வாய்ல வந்துருச்சு."

"வாய்ல வந்ததா, மனசுல இருந்ததா?"

"மனசுல ரொம்ப நாளா இருந்துச்சு. வாய்ல வந்தது இன்னிக்கு."

ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸுக்கு நடந்தேன். கோபம் யார்மேல் என்று பிரித்துப் பார்க்கப் பஸ் வரும் வரை நேரம் கிடைத்தது. பெரும்பகுதி மேனேஜர்மேல். மூன்று வருடம் நான் கட்டிக் காத்த என் சர்வர், யாரோ ஒருவரின் வாய்ச்சொல்லால் பிழைத்திருக்கிறது. அது கசந்தது. மிச்சமிருந்த கொஞ்சம் அவர்மேல். அதிலும் கொஞ்சம்தான் கோபம்.

ஒரு வாரம் பஸ்ஸில் போனேன். அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. அறைக்குள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வேலை செய்தோம். எட்டாம் நாள் மோட்டாரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இப்பக் கேளுங்க" என்றேன். வண்டியைக் கிளப்பாமலே கேட்டார். சரி என்றேன். "ஆனா மெஷின மாத்த மாட்டேன்" என்றேன். "நானும் மாத்த மாட்டேன்" என்றார். வீடு வரை அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் சொன்னபோது அம்மா அழவில்லை. தெரிந்த விஷயம் என்பதுபோல இருந்தார். அப்பாதான் ஒப்பவில்லை. "நல்ல பையனாவே இருக்கட்டும். பேச்சு வேணும்ல? நாளைக்கு எனக்கும் அவனுக்கும் என்ன பேச்சு?" என்றார். நான் மலாயில் பேசலாமே என்றேன். வீட்டுக்குள் மலாய் பேசி அவருக்குப் பழக்கமில்லையாம்.

அவர் தன் அம்மாவோடும் இரண்டு அத்தைமாரோடும் பெண் கேட்க வந்தார். மூவரும் கெபாயா உடுத்தி, வெற்றிலைத் தட்டை முன்னால் ஏந்திக்கொண்டு வந்தார்கள். அவருடைய அம்மா மலாயில் பேச, என் அம்மா பாசாரில் மீன் பேரம் பேசும் மலாயில் பதில் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அப்பா சேரில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை மனப்பாடம் செய்து வந்திருந்த ஒரு தமிழ் வாக்கியத்தைச் சொன்னார். அதில் 'பார்த்துக்கொள்வேன்' என்ற சொல் வர வேண்டிய இடத்தில் 'பார்த்துக்கொல்வேன்' என்று வந்தது. அத்தைமார் பெருமையாகத் தலையாட்டினார்கள். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பாவின் மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

அப்பா ஏதாவது கேட்க வேண்டுமே என்று வாசலைக் காட்டி, மோட்டார் ஏன் அப்படிச் சத்தம் போடுகிறது என்று மலாயில் கேட்டார். அவர் சங்கிலி தளர்ந்திருக்கும் என்றார். அப்பா அது சங்கிலி இல்லை, வால்வு என்றார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் வெளியே போனார்கள். அரைமணி கழித்துப் பார்த்தேன். மோட்டார் பாதி பிரிந்து கிடந்தது. பெண் கேட்க வந்த சட்டையில் எண்ணெய். "லூ டெங்கார்லா டூலு!" என்று அப்பா அவரை அதட்டிக்கொண்டிருந்தார். முதலில் நான் சொல்வதைக் கேள் என்று அர்த்தம். அவர் கேட்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே பெண்கள் நாங்களே நாள் குறித்தோம். வால்வா சங்கிலியா என்பதை அவர்கள் இருவரும் இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் நான் இங்கே சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்தது. மேனேஜர் வந்திருந்தார். நாங்கள் இருவரும் மணவறையில் இருக்கும்போது சர்வர்களை யார் பார்க்கிறார்கள் என்று வாழ்த்தும்போது கேட்டார். யாரும் இல்லை என்றோம். சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். பிரசவ விடுப்பில் என் சர்வர் முழுக்க அவர் பொறுப்பு. மறுநாள் காலை மறுபடியும் மருத்துவமனைக்கு வந்தார். பிள்ளையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். நெற்றியிலிருந்து கொஞ்சம் விபூதி எடுத்து அதற்குப் பூசினார். கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மெயில் எல்லாம் போகுதா?" என்றேன்.

"போகுது. நேத்து ராத்திரி இங்கருந்து போயி புதுப் பதிப்புக்கு மாத்திட்டேன்."

"எங்கிட்டக் கேக்காமயா?"

"கேக்கத்தான் வந்தேன். ஒன்னைய உள்ள கொண்டுபோயிட்டாங்க."

"கையேட்டப் படிச்சிட்டா செஞ்சீங்க?"

"வெளிய பெஞ்சுல உக்காந்து முழுசாப் படிச்சேன். வேற என்ன செய்யச் சொல்ற? பயமா இருந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, அமைப்புக் கோப்புகளை இணைக்கும்போது எதை வைத்தார், எதை விட்டார் என்று கேட்டேன். சொன்னார். ஒன்றைத் தவறாக விட்டிருந்தார். அது தவறில்லை என்றார். தவறுதான் என்றேன். லினக்ஸில் இந்தத் தொல்லையே இல்லை என்று ஆரம்பித்தார்.

கட்டிலின் மறுபக்கம் பிளாஸ்கிலிருந்து மைலோ ஊற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பினார்.

"பிள்ள தூங்குது" என்றார். "மெல்லமா சண்ட போடுங்க."

நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.